மூன்று சக்கர மோட்டார் சைக்கிளும் சாலை வளைவும்



தோட்டப்புறங்களிலும், தோட்டங்களை அடுத்துள்ள கம்பங்களிலும், சிறு பட்டணங்களிலும் நாம் அடிக்கடி காணும் வண்டி ஒன்று உண்டு. சாதாரண மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில் இரும்புச் சட்டம் ஒன்றைப் பூட்டி, அதன்மேல் பெட்டியோ தட்டோ வைத்து, அடியில் ஒரு தனிச் சக்கரம் பொருத்தியிருப்பார்கள். செம்பனைக் குலை ஏற்றவும், மாட்டுக்குப் புல் கொண்டுவரவும், ரொட்டி, காய்கறி, ஐஸ்கிரீம் விற்கவும் இவ்வண்டி உதவுகிறது. மாலை வேளையில் பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போகிறவர்களும் உண்டு. இதனைப் பக்கப்பெட்டி வண்டி என்றே இன்றைய பேச்சில் அழைப்போம்.

இவ்வண்டியை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் இரண்டு சக்கர மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள். "இரண்டு சக்கரத்திலேயே ஓட்டினோம், மூன்று சக்கரத்துக்கு என்ன பயம்?" என்று எண்ணுவது இயல்பு. நிற்கும்போது அவ்வெண்ணம் சரியே. மூன்று கால் முக்காலி விழுவதில்லை. நேர்ச்சாலையில் மெதுவாகப் போகும்போதும் பெரிய தொல்லை இல்லை. ஆனால் வளைவு வந்ததும் கதை மாறிவிடுகிறது. இரண்டு சக்கரத்தில் நம்மைக் காப்பாற்றிய பழக்கமே மூன்று சக்கரத்தில் நம்மைக் கால்வாயில் தள்ளிவிடக்கூடும். அது ஏன், அதனை எப்படித் தவிர்ப்பது என்பதை இப்போது காண்போம்.

முதலில், இரண்டு சக்கர வண்டி எப்படித் திரும்புகிறது என்று பார்ப்போம். நாம் இடப்பக்கம் திரும்பும்போது வண்டியும் நாமும் சேர்ந்து இடப்பக்கம் சாய்கிறோம். அந்தச் சாய்வுதான் வண்டியைத் திருப்புகிறது. வேகமாகப் போகும்போது நமது கை என்ன செய்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. இடப்பக்க ஹேண்டலை நம்மை அறியாமலே சற்று முன்னே தள்ளுகிறோம். அதாவது, ஒரு நொடி நேரம் முன்சக்கரத்தை வலப்பக்கம் திருப்புகிறோம். உடனே வண்டி இடப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கம் திரும்புகிறது. ஆண்டுக்கணக்காக ஓட்டியவர்களுக்கு இது மூச்சு விடுவது போன்ற பழக்கம்.

பக்கப்பெட்டி வண்டியோ சாய முடியாத வண்டி. பெட்டியின் சட்டம் அதனைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே, இடப்பக்கம் திரும்ப எண்ணிப் பழைய பழக்கப்படி இடக்கையை முன்னே தள்ளினால் வண்டி இடப்பக்கம் போகாது. முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே, அதாவது வலப்பக்கமே போகும். திகைத்துப் போய் இன்னும் பலமாகத் தள்ளினால் இன்னும் வலப்பக்கம் போகும். புதிதாக ஓட்டுகிறவர்கள் முதல் நாளிலேயே தடுமாறுவதற்கு இதுதான் தலையாய காரணம். மூன்று சக்கர வண்டியில் ஹேண்டலைத் திருப்பித்தான் திரும்ப வேண்டும். இடப்பக்கம் போக வலக்கையால் முன்னே தள்ளி, இடக்கையால் பின்னே இழுக்க வேண்டும். வலப்பக்கம் போக இதற்கு நேர்மாறு. ஹேண்டல் கனமாகவும் இருக்கும். முதல் சில நாட்கள் தோளும் முழங்கையும் வலிப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து, வளைவில் நம்மை வெளியே தள்ளும் விசையைப் பற்றி அறிந்துகொள்வோம். லாரியின் பின்தட்டில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. லாரி இடப்பக்கம் திரும்பினால் நாம் வலப்பக்கம் சாய்கிறோம். வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம் சாய்கிறோம். வேகம் கூடினால் இந்தத் தள்ளுதலும் கூடும். ஆனால் எவ்வளவு கூடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுதல் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது.

இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். நடுவிலிருந்து விளிம்பு வரை 15 மீட்டர் உள்ள ஒரு வட்டத்தின் பகுதிபோல் ஒரு வளைவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுகிறவரின் எடை 60 கிலோ. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வளைவில் போனால், ஏறக்குறைய 13 கிலோ எடை அவரைப் பக்கவாட்டில் தள்ளுவது போல இருக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 28 கிலோ ஆகிவிடும். 40 கிலோமீட்டரில் 50 கிலோ! வேகமானியின் முள் சிறிது தூரமே நகர்ந்திருக்கிறது. ஆனால் தள்ளும் பளுவோ 13 கிலோவிலிருந்து 50 கிலோவுக்கு ஏறிவிட்டது. இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். 30 கிலோமீட்டரில் வருகிறவர் வளைவுக்கு முன்பே 20 கிலோமீட்டருக்குக் குறைத்தால், தள்ளுதல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சிறிது வேகத்தை விட்டுக்கொடுத்தால் பெரிய பாதுகாப்பு கிடைக்கிறது.

இரண்டு சக்கர வண்டி சாய்ந்து இந்தத் தள்ளுதலைச் சமாளிக்கிறது. சாய முடியாத பக்கப்பெட்டி வண்டி தன் எடையைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். இங்கேதான் இடப்பக்க வளைவுக்கும் வலப்பக்க வளைவுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது.

இடப்பக்கம் திரும்பும்போது தள்ளுதல் வலப்பக்கம் போகிறது. பெட்டி இருப்பது இடப்பக்கம். ஆகவே பெட்டியைத் தரையிலிருந்து கிளப்பி, வண்டியை வலப்பக்கம் கவிழ்க்கப் பார்க்கிறது. அதனைத் தடுப்பது பெட்டியின் எடை ஒன்றே. தோளில் கம்பு வைத்து, இரு முனையிலும் பால் வாளி தொங்கவிட்டுச் சுமப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளியில் பால் நிறைந்து மற்றொன்று காலியாக இருந்தால் கம்பு நிற்குமா? காலிப்பக்கம் மேலே எழும். காலிப் பெட்டியும் அப்படித்தான். ஆகவே பாரம் ஏற்றிப் போகும்போது இருப்பதைவிட, பாரத்தை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியோடு வீடு திரும்பும்போதே இடப்பக்க வளைவில் ஆபத்து அதிகம். வேலை முடிந்த களைப்பும், சீக்கிரம் வீடு சேரும் எண்ணமும் அந்த நேரத்தில்தான் சேர்ந்துகொள்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆகவே, சந்தியில் இடப்பக்கம் திரும்பும் வளைவு குறுகியது. வலப்பக்கம் திரும்பும் வளைவு அகலமானது. பெட்டியை இடப்பக்கம் பூட்டிய வண்டிக்கு எந்தப் பக்கம் பலவீனமோ, அந்தப் பக்கமே வளைவும் குறுகலாக அமைந்துவிடுகிறது. பெட்டி எழும்பியதும் பயந்து ஹேண்டலை நேராக்கினால் பெட்டி இறங்கிவிடும். ஆனால் வண்டி எங்கே போகும்? சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே லாரி வரும் தடத்துக்குப் போகும். இடப்பக்க வளைவின் உண்மையான ஆபத்து இதுதான்.

வலப்பக்க வளைவில் தள்ளுதல் பெட்டியின் பக்கம் போகிறது. பெட்டியின் சக்கரம் அதனைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே பயமில்லை என்று பலர் வேகமாகத் திருப்புவார்கள். அதுவும் தவறு. பெட்டியில் பாரம் மிகுதியாகவும் உயரமாகவும் இருந்தால், மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் லேசாகி, வண்டி பெட்டியின் முன்மூலையை நோக்கிக் குப்புறச் சாயக்கூடும். பெட்டிச் சக்கரம் சாலையோர மென்மண்ணில் புதைந்தால் இது இன்னும் எளிதில் நேரும்.

வளைவு இல்லாத இடத்திலும் இவ்வண்டிக்கு ஒரு குணம் உண்டு. முறுக்குப்பிடியைத் திருகி வேகம் கூட்டும்போது, எஞ்சின் மோட்டார் சைக்கிளை முன்னே தள்ளுகிறது. பெட்டி பின்தங்குகிறது. அதனால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக்கை அழுத்தும்போது மோட்டார் சைக்கிள் தயங்க, பிரேக் இல்லாத பெட்டிச் சக்கரம் முன்னே ஓடப் பார்க்கும். அதனால் வண்டி வலப்பக்கம், அதாவது எதிர்த்தடத்தின் பக்கம் இழுக்கும். வளைவுக்கு நடுவில் திடீரென்று பிரேக் அழுத்தக்கூடாது என்று சொல்வதன் காரணம் இதுவே. பிரேக் வேலை முழுவதும் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

இனிப் பழகும் முறைக்கு வருவோம். வாங்கிய அன்றே வண்டியைப் பெரிய சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. தோட்டத்துத் திடலைப் போன்ற அகன்ற, காய்ந்த இடத்தை, பிள்ளைகள் விளையாடாத நேரத்தில் பயன்படுத்த வேண்டும். தலைக்கவசம் அணிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் ஆளை ஏற்றக்கூடாது. அதற்குப் பதிலாக ஏறக்குறைய 30 கிலோ மணலை மூட்டையாகக் கட்டி, பெட்டிச் சக்கரத்துக்கு நேராக, தரையோடு தரையாக வைத்து, நகராதபடி கயிற்றால் இறுக்க வேண்டும். பத்துக் கிலோ அரிசிப் பைகள் மூன்று இருந்தால் போதும், மணல் நிரப்பிக்கொள்ளலாம்.

முதல் நாள் நேராக மட்டும் ஓட்டுங்கள். புறப்படும்போது வண்டி இடப்பக்கம் இழுப்பதையும், நிறுத்தும்போது வலப்பக்கம் இழுப்பதையும் கை நன்றாக உணர வேண்டும். குறைந்த வேகத்தில் சில வண்டிகளின் ஹேண்டல் நடுங்கும். அதனை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் அடங்கிவிடும். பெட்டியின் அகலத்தையும் கண் பழக வேண்டும். நாம் இருப்பது வண்டியின் வலக்கோடியில். நமது இடப்பக்கம் இன்னொரு சக்கரம் வருகிறது என்பதை மறந்தால், அது கால்வாயிலோ கம்பத்திலோ மோதும். இரண்டு காலித் தகரங்களைத் தரையில் வைத்து, அவற்றின் இடையே இடிக்காமல் போகப் பழகுவது நல்லது.

இரண்டாம் நாள் திடலின் நடுவே ஒரு குச்சி நட்டு, அதிலிருந்து 20 எட்டுத் தூரத்தில் சுற்றிலும் அடையாளம் வைத்து, அந்த வட்டத்தில் ஓட்டுங்கள். முதலில் வலப்பக்கமாகச் சுற்றுங்கள், அது எளிது. பிறகு இடப்பக்கமாகச் சுற்றுங்கள். முதல் கியரில், ஒருவர் ஓடி வந்து எட்டிப்பிடிக்கக்கூடிய வேகமே போதும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக்கூடாது. வண்டி போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். வண்டி சாயாது என்பதால் நமது உடலைத்தான் சாய்க்க வேண்டும். இடப்பக்க வளைவில் இடுப்புக்கு மேல் உடலைப் பெட்டியின் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்க வளைவில் உடலை வலப்பக்கமும் சற்றுப் பின்னும் கொண்டுபோங்கள். நமது எடையும் வண்டியைத் தரையில் பிடித்து வைக்கும் எடைதான்.

இரண்டு பக்கமும் சீராக வந்த பிறகு, மூன்றாம் நாள் எட்டுப் போட்டுப் பழகலாம். எட்டின் ஒரு பாதி இடப்பக்கம், மறுபாதி வலப்பக்கம். இரு வளைவுகளின் வேறுபாட்டை ஒரே சுற்றில் கை உணர்ந்துகொள்ளும். அதன் பிறகே தோட்டத்து மண்சாலை, அதன் பிறகே பெரிய சாலை. மணல் மூட்டையை உடனே இறக்கிவிட வேண்டாம். காலிப் பெட்டியோடு ஓட்டவேண்டிய நாட்களில் அது எப்போதும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் பெட்டி எழும்பக்கூடும். அப்போது என்ன செய்வது? பிரேக்கைப் பலமாக அழுத்தக்கூடாது. முறுக்குப்பிடியை மெல்லத் தளர்த்துங்கள். உடலைப் பெட்டியின் பக்கம் சாயுங்கள். சாலையில் இடம் இருந்தால் ஹேண்டலை ஒரு சிறிது மட்டும் நேராக்குங்கள். பெட்டி இறங்கிவிடும். இளைஞர்கள் சிலர் பெட்டியை வேண்டுமென்றே தூக்கி ஓட்டி வித்தை காட்டுவதுண்டு. அது சாலையில் செய்யக்கூடிய வேலையன்று.

தோட்டச் சாலைகளுக்கென்று சில தனி எச்சரிக்கைகள் உண்டு. செம்மண் சாலையில் உருளும் சிறு கற்கள் முன்சக்கரத்தை வழுக்கிவிடும். ஹேண்டலைத் திருப்பியும் வண்டி நேராகவே போகும். மழை பெய்தால் இது இரட்டிப்பாகும். மேட்டுக்காட்டில் குறுக்குச் சரிவான பாதையில் போகும்போது, பெட்டி மேட்டுப்பக்கம் இருந்தால் அது எழும்புவது எளிது. வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

பாரம் ஏற்றும் முறையும் வளைவைச் சேர்ந்ததே. முற்றிய மரத்தின் செம்பனைக் குலை ஒன்றே 20 கிலோவைத் தாண்டுவது உண்டு. குலைகளை உயரமாக அடுக்கினால் வண்டி எளிதில் கவிழும். கனமானவற்றை அடியிலும், லேசானவற்றை மேலேயும் வைத்து, வளைவில் உருளாதபடி கட்ட வேண்டும். பாலோ தண்ணீரோ பீப்பாயில் கொண்டுபோனால், அரைகுறையாக நிரப்பாதீர்கள். பாதி நிறைந்த பீப்பாயில் திரவம் வளைவின் வெளிப்பக்கம் பாய்ந்து, ஏற்கெனவே தள்ளும் விசையோடு சேர்ந்துகொள்ளும். மூடிய சிறு தோம்புகளில் நிறைய நிரப்பிக் கொண்டுபோவது நல்லது. பிள்ளைகளைப் பாரத்தின் மேல் உட்கார வைப்பது ஒருபோதும் கூடாது. பெட்டி கவிழ்ந்தால், பாரம் முதலில் விழுவது அவர்கள்மேல்தான்.

வண்டியையும் கவனிக்க வேண்டும். பெட்டியை மோட்டார் சைக்கிளோடு இணைக்கும் திருகாணிகளை வாரம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் போகும்போதும் வண்டி எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், பெட்டியைப் பூட்டிய கோணம் சரியில்லை என்று பொருள். அதனைக் கைப்பலத்தால் சமாளித்துக்கொண்டே ஓட்டாமல், அறிந்த பட்டறையில் காட்டிச் சரிசெய்ய வேண்டும்.

மூன்று சக்கர வண்டிகள் எல்லாம் ஒரே வகையல்ல. முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாகச் சக்கரம் உள்ள வண்டிகள் உண்டு. கால் ஊனமுற்றோருக்காக அமைக்கும் வண்டிகள் பல இவ்வகையானவை. இவற்றுக்கு இடம், வலம் இரண்டும் ஒன்றே. ஆனால் வளைவில் பிரேக் அழுத்தினால் பளு ஒற்றை முன்சக்கரத்தின் பக்கம் போய், வண்டி மூலையில் கவிழப் பார்க்கும். அமெரிக்காவில் காட்டுவழிகளில் ஓட்டுவதற்காக இவ்வகையில் விற்ற மூன்று சக்கர வண்டிகளால் பலர் காயமுற்றனர், பலர் மாண்டனர். 1988 ஆம் ஆண்டு அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உற்பத்தியாளர்கள் அங்கே அவற்றின் விற்பனையை நிறுத்திக்கொண்டனர். மூன்று சக்கரம் என்றாலே பாதுகாப்பு என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இது சான்று. மாறாக, 2006 இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனமும், 2014 இல் ஜப்பானின் யமஹா நிறுவனமும் வெளியிட்ட சில வண்டிகளில் முன்னே இரண்டு சக்கரங்கள் உண்டு. அவை வளைவில் வண்டியோடு சேர்ந்து சாயும். அவற்றை இரண்டு சக்கர வண்டியைப் போலவே ஓட்டலாம். ஆகவே புதிய வண்டி எதுவாயினும், "இது சாயும் வண்டியா, சாயாத வண்டியா?" என்று முதலில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. மலேசியாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி 1973 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பெட்டி பூட்டுவது வண்டியின் அமைப்பை மாற்றுவதாகும். ஆகவே பூட்டுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்து, அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீடு பெறுவது கடினமாகும்.

இவ்வளவு நேரம் கூறியதைச் சுருங்கச் சொல்வோம். மூன்று சக்கர வண்டியைச் சாய்த்துத் திருப்ப முடியாது, ஹேண்டலால்தான் திருப்ப வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. இடப்பக்க வளைவில், அதிலும் காலிப் பெட்டியோடு, இரட்டிப்புக் கவனம் வேண்டும். பாரம் தாழ்வாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வண்டி ஓட்டிப் பழகும் கணவரையோ மகனையோ, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். திடலில் மூன்று மாலைகள் செலவிட்டுப் பழகட்டும். குடும்பத்தின் வருமானமும், பெட்டியில் ஏறி உட்காரும் பிள்ளைகளின் உயிரும் அந்த இரண்டு கைகளின் பழக்கத்தில்தான் இருக்கின்றன. அவர்கள் வளைவில் மெதுவாக வரட்டும், வீட்டுக்கு முழுதாக வந்து சேரட்டும்.